படித்துக் காட்டப்பட்டது

கணக்கு நோட்டு மூன்று முடிந்துவிட்டது. பெரிய சைஸ், கெட்டி அட்டை, செவ்வாய்ப்பேட்டையில் வாங்கினது. முதல் நோட்டில் அம்மாபேட்டை வீடு. இரண்டாவதில் கோர்ட்டு. மூன்றாவதில் வரிசைக்கிரமம் கிடையாது, ஞாபகம் வந்தது வந்தபடி. பேத்தி போன வருஷம் லீவுக்கு வந்தபோது, "அம்மாயி, தறின்னா மெஷினா?" என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல உட்கார்ந்ததுதான். இவ்வளவு பக்கம் ஓடும் என்று நினைக்கவில்லை.

எழுதுவது எனக்குச் சிரமமில்லை. 1984-லிருந்து 2019 வரை சேலம் கோர்ட்டில் டைப்பிஸ்ட். அடுத்தவர் வாய்ச்சொல்லை அடித்தே விரல்நுனி தேய்ந்தது. (58 வயசில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த வருஷம் 59 ஆக்கினார்கள், அதற்கடுத்த வருஷம் 60. கொஞ்சம் தள்ளிப் பெற்றிருக்கலாம், அம்மா அவசரப்பட்டுவிட்டாள்.) சிரமமெல்லாம் எதை வெளியே காட்டுவது என்பதில்தான். பேத்திக்கென்று ஆரம்பித்ததைப் பார்த்துவிட்டு மருமகன், "அத்தை, இதை அச்சுப் போட்டு சொந்தக்காரங்களுக்கெல்லாம் குடுத்துடலாம்" என்றார். அன்றைக்கு ராத்திரி மூன்று நோட்டையும் முதலிலிருந்து படித்தேன். தூக்கம் வரவில்லை.

முதலில் தம்பியிடம் கேட்டேன். ஜவுளிக்கடை வைத்திருக்கிறான், பேச நேரமிருக்காது. கடை திறப்பு விழா போட்டோவை நடுப்பக்கத்தில் கலரில் போட வேண்டும் என்றான். அப்புறம், "நாம கஷ்டப்பட்டுத்தான் முன்னுக்கு வந்தோம், அதைக் கண்டிப்பாப் போடுக்கா" என்றான். போட்டிருக்கிறேனே என்று இரண்டு பக்கம் படித்தேன். பாதியில் நிறுத்திவிட்டான். "கஷ்டம்னு போடு. என்ன கஷ்டம்னு போடாத."

என் வீட்டுக்காரரைப் பற்றிய அத்தியாயம் சின்னது. அதில் எடுப்பதற்கும் சேர்ப்பதற்கும் ஒன்றுமில்லை. நல்ல மனுஷர். நல்லவர்களைப் பற்றி எனக்கு எழுத வரவில்லை, அவ்வளவுதான்.

கோர்ட்டு நோட்டுதான் நான் முதலில் மூடி வைத்தது. நாற்பது பக்கத்துக்கு மேல் இருக்கும். ருசியாக எழுதியிருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். திறந்த கோர்ட்டில் சொன்னதுதானே, ஊரறிந்த விஷயம்தானே, பெயரை மாற்றிவிட்டால் போச்சு என்று இருந்தேன். திரும்பப் படித்தபோது அந்த 125-ஆம் பிரிவு கேஸ்களில் வந்து நின்றேன். ஜீவனாம்ச மனுக்கள். அப்போதெல்லாம் ஒரு பெண்ணுக்கு மாசம் 500 ரூபாய்க்கு மேல் கேட்க முடியாது. 2001-ல்தான் அந்த உச்சவரம்பை எடுத்தார்கள். அந்த 500 ரூபாய்க்காக, கறுப்பு கோட்டுக்காரர்களும் பியூனும் அடுத்த கேஸ்காரர்களும் பார்த்துக்கொண்டிருக்க, வீட்டுக்குள் நடந்ததைக் கூண்டில் ஏறி நின்று சொல்வார்கள். சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். அவர்களில் சிலரை இன்றைக்கும் ஆடியில் கோட்டை மாரியம்மன் கோயில் கூட்டத்தில் எதிரில் பார்க்கிறேன். எனக்கு அவர்களைத் தெரியும், அவர்களுக்கு என்னைத் தெரியாது. மெஷினுக்குப் பின்னால் இருந்தவளை யார் பார்த்தார்கள்? அவர்கள் வாயைத் திறந்தது மாசம் 500 ரூபாய்க்கு. என் நோட்டுக்கு இல்லை. மூடிவிட்டேன்.

ஒன்றே ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். கோர்ட்டில் சாட்சி சொல்லி முடித்ததும், அடித்ததை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். தப்பிருந்தால் சொல்வார். கடைசியில், "படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது" என்று ஒரு வரி. முப்பத்தைந்து வருஷத்தில் அந்த வரியை எத்தனை தரம் அடித்திருப்பேன் என்று கணக்கில்லை. முக்கால்வாசிப் பேர் காதில் வாங்காமலே தலையாட்டுவார்கள். ஒருநாள் ஒரு பெரியவர், வரப்புத் தகராறு, அடிதடி. அவர் மண்டையை உடைத்த கேஸ். பக்கம் பக்கமாகப் படித்துக் காட்டியாகிவிட்டது. எல்லாவற்றுக்கும் சரிங்க, சரிங்க. முடிவில் கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கியவர் நிறுத்தி, "அம்மிணி, செவலைன்னு போட்டிருக்கீங்க. அது மயிலைங்க" என்றார். மாட்டின் நிறம். கேஸுக்கும் அதற்கும் ஒட்டு உறவு இல்லை. மயிலை என்று திருத்திய பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

அவரை நினைத்துக்கொண்டுதான் கொண்டலாம்பட்டிக்கு பஸ் ஏறினேன். அக்கா அங்கேதான் இருக்கிறாள். என்னைவிட ஆறு வயசு மூத்தவள். முதல் நோட்டில் இருக்கிற ஆட்களில் இன்றைக்கு உயிரோடு இருக்கிற பெரிய சாட்சி அவள் ஒருத்திதான். வெறுங்கையோடு போகக்கூடாது என்று தட்டுவடை செட்டு இரண்டு பார்சல் கட்டிக்கொண்டேன். போய்ச் சேர்வதற்குள் தட்டுவடை நமுத்துவிடும் என்று கடைக்காரர் சட்னி, பீட்ரூட், கேரட் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கட்டிக் கொடுத்தார்.

பயந்து போனது ஏற்காட்டுப் பக்கங்களுக்காக. நாலு பக்கம். 1973, எனக்குப் பன்னிரண்டு வயசு. அப்பா, அக்கா, நான் மூன்று பேரும் விடியக்காலையில் பஸ் ஏறினோம். அஸ்தம்பட்டி தாண்டி, மாடர்ன் தியேட்டர்ஸ் வாசல் தாண்டி, அடிவாரத்தில் பஸ் நின்றது. அப்பா ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி என் கையில் கொடுத்து மோந்துகொண்டே வா என்றார். அதற்குமேல் கொண்டை ஊசி வளைவுகள், மொத்தம் இருபது. ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கொண்டே போனேன். பதினாலாவதில் வாந்தி. மேலே குளிர், காபித் தோட்டத்து மண்வாசனை, ஏரிக்கரையில் ஒரு டீக்கடை. யாரைப் பார்க்கப் போனோம், என்ன நடந்தது என்பதெல்லாம் இங்கே வராது. இறங்கி வரும்போது அப்பா ஆரஞ்சுப்பழம் வாங்கினார். வீடு வருகிற வரைக்கும் யாரும் உரிக்கவில்லை.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த நாலு பக்கத்தையும் தானே படித்தாள். நான் தட்டுவடையைப் பிரித்துச் சட்னி தடவிக்கொண்டிருந்தேன், கை சும்மா இருந்தால் நடுங்கும் என்று. படித்து முடித்துவிட்டு, "வளைவு எண்ணுனது நீ இல்லடி. நான். நீ ஏழாவதுலயே படுத்துட்ட" என்றாள்.

"அவ்வளவுதானா?"

"வேறென்ன? நடந்ததுதானே." ஒரு செட்டை வாயில் போட்டு மென்று முடித்தபிறகு, "ஆனா அங்க நடந்ததை நாம ரெண்டு பேரும் மட்டும் சொன்னா ஆச்சா? அந்தப் பக்கத்து ஆளை எங்கேன்னு போய்க் கேப்ப?" என்றாள்.

கேட்க முடியாது. அவர்களுக்குப் படித்துக் காட்ட வழியில்லை. பிள்ளைகள் எங்கேயோ இருப்பார்கள். தகப்பனையோ தாயையோ பற்றி என் நோட்டில் வந்து தெரிந்துகொள்ள வேண்டுமா அவர்கள்? நாலு பக்கத்தில் பஸ் பயணம் மட்டும் முக்கால் பக்கத்துக்கு நின்றது. அதில் வளைவை எண்ணுவது அக்கா.

சரி, கண்டம் தாண்டியாச்சு என்று நிம்மதியாக அடுத்ததை எடுத்தேன். இது நானே படித்துக் காட்டினேன். சொல்லப்போனால் இந்தப் பகுதிமேல் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. மூன்று நோட்டிலும் நன்றாக வந்தது இதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

1966. எனக்கு ஐந்து வயசு. அரிசி கிடைக்காத காலம். "பக்தவத்சலம் அண்ணாச்சி, அரிசி விலை என்னாச்சி" என்று தெருவில் கோஷம் போட்டுக்கொண்டு போவார்கள், நாங்கள் பிள்ளைகளும் பின்னாலேயே பாட்டு மாதிரிப் பாடிக்கொண்டு ஓடுவோம். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற பேச்சு அடுத்த வருஷத் தேர்தலுக்கு வந்தது. அம்மாபேட்டையில் எங்கள் தெரு முழுக்கத் தறி. எங்களுடையது குழித்தறி, முன்கட்டில். அப்பா குழிக்குள் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து நெய்வார். நூல், பாவு (தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைகள்) எல்லாம் முதலாளி கொடுப்பது. எங்களுக்குக் கூலி.

பருத்திப் பாவுக்குக் கஞ்சி போட வேண்டும், இல்லாவிட்டால் இழை நிற்காது. தறியில் ஒவ்வொரு இழையும் அச்சுப் பல்லுக்குள் நாள் முழுக்க உரசிக்கொண்டே இருக்கும். கஞ்சி ஏறின இழைதான் தாங்கும். முதல் நாள் ராத்திரியே நொய்யைக் குழைய வேகவைத்து, துணியில் வடிகட்டி, சொட்டு எண்ணெய் விட்டு அண்டாவில் வைத்திருப்பார்கள். விடியும் முன்னால் தெருவில் கவைக்கால் நட்டுப் பாவை நீட்டிக் கட்டி, ஆளுக்கொரு பக்கம் நின்று கஞ்சியைத் தோய்த்துப் பெரிய புருசால் இழுத்துக்கொண்டே போவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். தெருவெல்லாம் சோற்று வாசனை அடிக்கும். வயிற்றில் ஒன்றும் இல்லாதவனுக்கு அந்த வாசனை என்ன செய்யும் என்று எழுதியிருந்தேன்.

அதற்கடுத்து அந்த வரி. "பாவு குடித்த மிச்சத்தை நாங்கள் குடித்தோம்."

அக்கா எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

"இதை எடுத்துரு பாப்பா."

"ஏன்?"

"எடுத்துருன்னா எடுத்துரு."

ஏற்காட்டுக்கு வராத கோபம் கஞ்சிக்கு ஏன் வருகிறது என்று எனக்குப் புரியவில்லை. உள் அறையில் அக்கா மருமகள் இருந்தாள். அவள் காதில் விழுந்துவிட்டது, பசித்துக் கிடந்த வீடு என்று தெரிந்துவிட்டதில் கௌரவக் குறைச்சல் போலிருக்கிறது என்று நானாக முடிவு செய்துகொண்டேன். அது உன் வயிறு மட்டும் இல்லை, என் வயிறும்தான், என் வயிற்றைப் பற்றி எழுத எனக்குப் பாத்தியதை உண்டு என்று என்னென்னவோ பேசினேன். கோர்ட்டில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு வக்கீல் வாய் எனக்கும் வந்துவிட்டது. அக்கா ஒன்றும் பேசவில்லை. கிளம்பும்போது வாசல்வரை வந்தாள், அவ்வளவுதான்.

ஆனியில் நடந்தது இது. ஆடி 18 வரைக்கும் நான் போன் பண்ணவில்லை, அவளும் பண்ணவில்லை. இடையில் ஒருநாள் அந்த வரியை அடித்துப் பார்த்தேன். அதை எடுத்தால் பக்கமே பல் போன வாய் மாதிரி இருந்தது. திரும்ப எழுதினேன். நன்றாக அமைந்த வரியை எடுக்கச் சொன்னால் வருகிற வருத்தம் ஒரு தினுசு. நகையைக் கழற்றிக் கொடுப்பது மாதிரி. அது உண்மையா என்ற யோசனையே வராது.

ஆடி 18-க்கு மறுநாள் காலை ஐந்து மணிக்குப் போன். அந்த நேரத்தில் போன் வந்தால் யாரோ போய்விட்டார்கள் என்றுதான் மனசு போகும்.

"பாப்பா, திருட்டுக்கு எத்தனை வருஷம்?"

"என்னது?"

"ஒருத்தர் ஒண்ணுக்குன்னு குடுத்த காசை இன்னொண்ணுக்கு எடுத்தா, அது திருட்டா? நீ கோர்ட்டுல இருந்தவதானே."

"யார் எடுத்தா?"

"அம்மா."

அப்புறம் சொன்னாள். நொய் வாங்குகிற காசு முதலாளி பாவோடு சேர்த்துக் கொடுப்பது. கஞ்சிக்கென்றே கொடுப்பது. ராத்திரி கஞ்சி வெந்ததும், வடிகட்டுவதற்கு முன்னால், அம்மா சின்னச் சட்டி ஒன்றில் முதலில் எங்களுக்கு எடுத்து வைப்பாளாம். அதில் உப்புப் போட்டுக் கலக்கி, மூடி, அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைப்பாளாம். அதன்பிறகு அண்டாவில் இரண்டு சொம்புத் தண்ணீர் ஊற்றி விளாவுவாளாம். பதினோரு வயசுப் பெண் பக்கத்தில் சிமினி விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். "அப்பாகிட்ட சொல்லாத" என்று சொல்லப்பட்டிருக்கிறாள். சொல்லவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை, வேறு யாரிடமும் சொல்லவில்லை.

"நீ மிச்சம்னு எழுதியிருக்க. அம்மா நமக்கு ஒருநாளும் மிச்சம் ஊத்தல. பாவுக்குத்தான் மிச்சம்."

சாட்சியச் சட்டம் 1872, 60-ஆம் பிரிவு. கண்ணால் பார்த்ததைப் பார்த்தவரே வந்து சொல்ல வேண்டும், காதால் கேட்டதைக் கேட்டவரே சொல்ல வேண்டும். (இப்போது அந்தச் சட்டத்துக்கு வேறு பெயர், வேறு எண், 2024 ஜூலையிலிருந்து. எனக்குப் பழைய எண்தான் வாயில் வரும்.) ஐந்து வயசுக் குழந்தை சாட்சிக்கு வந்தால் நீதிபதி முதலில், உன் பேர் என்னம்மா, எத்தனாவது படிக்கிறாய், பொய் சொல்லலாமா கூடாதா என்றெல்லாம் கேட்டு, சாட்சி சொல்லுகிற பக்குவம் இருக்கிறதா என்று பார்ப்பார். என்னை யாரும் கேட்கவில்லை. காலையில் தூங்கி எழுந்தேன், வெளியே கஞ்சி அண்டா காலி, உள்ளே அம்மா டம்ளரில் கஞ்சி தந்தாள். இரண்டையும் நானே முடிச்சுப் போட்டுவிட்டேன்.

"சரி, அதை ஏன் அன்னிக்கே சொல்லல?" என்றேன்.

"அது திருட்டுன்னு ஆயிடுமோன்னுதான். எழுத்துல வந்துட்டா?"

"அதெல்லாம் காலாவதி ஆயிடுச்சுக்கா" என்றேன். சிரித்தாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டது.

அதோடு முடியவில்லை. தண்ணீர்க் கஞ்சி குடித்த பாவு தறியில் என்ன ஆகும்? அறுந்தது. நாலு விரற்கடை நெய்வதற்குள் ஒரு இழை. ஒவ்வொன்றுக்கும் குறுக்கு நூல் ஓட்டுகிற நாடாவைக் கீழே வைத்து, அறுந்த முனையைத் தேடி எடுத்துப் பிணைத்து, அச்சில் கோத்து, மறுபடியும் ஆரம்பிக்க வேண்டும். இரண்டு நாளில் இறங்க வேண்டிய சேலை மூன்றாம் நாளும் தறியில் கிடந்திருக்கிறது. நெசவில் பழுது என்று முதலாளி கூலியில் பிடித்திருக்கிறார்.

போனை வைத்துவிட்டு முதல் நோட்டை எடுத்தேன். ஒன்பதாவது பக்கம். எடுக்கலாமா வைக்கலாமா என்ற கேள்வியே இல்லாமல், பேத்திக்கு முதலில் படித்துக் காட்டிய பக்கம் அது. அந்த வருஷம் அப்பா தறியை அடிக்கடி நிறுத்துவார், தறிச்சத்தம் நின்றதும் நான் ஓடிப்போய்க் குழி ஓரத்தில் உட்கார்ந்துகொள்வேன், கையால் வேலை செய்துகொண்டே விடுகதை போடுவார். "மரத்து மேல பழமிருக்கு, பழத்து மேல மரமிருக்கு, அது என்ன?" நான் தெரியாது தெரியாது என்பேன். அன்னாசி என்பார். அன்னாசியை நான் பார்த்ததே இல்லை. அப்பா எங்களோடு அவ்வளவு பேசிய வருஷம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்று எழுதியிருக்கிறேன். கையால் என்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்று எழுதவில்லை.

அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டேன். ஒரு எழுத்தும் மாற்றவில்லை. கஞ்சிப் பக்கத்தை மட்டும் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். அந்த நல்ல வரி போயிற்று. போனவாரம் மறுபடியும் கொண்டலாம்பட்டி. இந்தத் தடவை மருமகளையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள் அக்கா.

படித்தேன். சிமினி விளக்கு சரி. சட்டி சரி. பானைக்குப் பின்னால், சரி. அப்பாவுக்குத் தெரியாது என்று எழுதியிருந்த இடத்தில் கையை நீட்டி நிறுத்தினாள்.

"தெரியும்னு நெனக்கிறேன். ஒருநாள் நூல் பிணைச்சுக்கிட்டே என்னைப் பாத்து, 'கஞ்சி நல்லா இருந்துச்சா சாமி'ன்னு கேட்டாரு. எந்தக் கஞ்சியைக் கேக்குறாருன்னு எனக்குத் தெரியல. நல்லா இருந்துச்சுப்பான்னு சொன்னேன்."

அதை எழுதிக்கொண்டேன். மேலே படித்தேன். அம்மா சட்டியில் இரண்டு கரண்டி எடுத்து வைப்பாள் என்ற இடம் வந்தது. அக்காவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று நானாகப் போட்ட கணக்கு.

"ரெண்டு இல்ல, மூணு."

"மூணாவது யாருக்கு?"

"அம்மாவுக்கு. தம்பி அப்ப வயித்துல இருந்தான்ல."

மூன்று என்று திருத்தினேன். அக்கா நோட்டை வாங்கி, அந்தப் பக்கத்தின் அடியில், நான் கேட்காமலே தன் பெயரை எழுதிக் கொடுத்தாள்.

இதைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். நாளைக்குக் கடை லீவு, தம்பிக்குப் படித்துக் காட்ட வேண்டும். நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் அவனும் சரியென்று சொல்லிவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடை போட்டோவுக்கு நடுப்பக்கம் தருகிறேன் என்று சொல்லியிருப்பேன்.